பழைய காம்பாக்ட் எஸ்யூவி வாங்குமுன்

பழைய காம்பாக்ட் எஸ்யூவியைப் பார்க்கச் செல்லும்போது, எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஏனெனில் எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க உதவும் டைமிங் செயின் தேய்ந்திருந்தால் எழும் கடகடப்பும், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் சில நொடிகளில்தான் பெரும்பாலும் வெளிப்படும். கசிவே தென்படாமல், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) பழுதாகியிருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது கியர்பாக்ஸ்தான். சிவிடி வகையில் (தனித்தனிக் கியர்கள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் தானியங்கி கியர்பாக்ஸ்), மெதுவாக வேகமெடுக்கும்போது வண்டி அதிர்ந்தாலோ, எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் கூடாமலேயே இருந்தாலோ, அதைச் சரிசெய்யும் செலவு வண்டியின் மதிப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும் என்பதால், கியர் ஆயில் மாற்றியதற்கான சர்வீஸ் பதிவு இல்லாத வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டும்போது 'டக் டக்' என்று ஒலித்தால், சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் வெளிப்புற ஜாயின்ட் தேய்ந்திருக்கக்கூடும். குறுந்தூரப் பயணங்களுக்கே பயன்படுத்தப்பட்ட டீசல் வண்டியில், புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைபட்டிருக்க வாய்ப்புண்டு.

பலரும் பார்க்கத் தவறுவது டயர்களைத்தான்: நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியில், ஒன்றுக்கொன்று வேறுபட்ட அளவில் தேய்ந்த டயர்களோடு நெடுநாள் ஓட்டியிருந்தால், பின்சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் கப்ளிங் சூடேறிப் பழுதடைந்திருக்கலாம்.