கதவோரத்துப் பை

குன்னூரில் நேற்றிலிருந்து மழை விடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கதவோரம் பை கட்டி வைத்திருக்கிறார். ரேஷன் கார்டு, ஆதார், சுகர் மாத்திரை, டார்ச். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர். மழை வலுத்தாலே பை தயார்.

அடியில் இரண்டு கம்பளி. தனியாக இருப்பவருக்கு எதற்கு இரண்டு?

"முகாமுக்கு வெறுங்கையோட யாராவது வருவாங்கல்லப்பா."

பைபிளில் மத்தேயு 25-ஆம் அதிகாரம் அப்படியே கண்முன் வந்தது.

நியாயத்தீர்ப்பு என்றாலே நமக்கு எக்காளமும் அக்கினியும்தான். ஆனால் அங்கே சிங்காசனத்தில் வீற்றிருக்கும் ராஜா பேசுவதெல்லாம் பசித்தவனுக்குச் சோறு, வஸ்திரமில்லாதவனுக்குத் துணி, சிறையில் இருப்பவனைப் போய்ப் பார்ப்பது. அதையெல்லாம் தமக்கே செய்ததாகச் சொல்கிறார்.

"ஆண்டவரே, எப்போது உம்மைக் கண்டோம்?" என்று நீதிமான்களே திகைக்கிறார்கள். தாங்கள் ஆயத்தமாக இருந்தது அவர்களுக்கே தெரியவில்லை!

இயேசுவே, நீர் வரும் நாளும் நாழிகையும் நான் அறியேன். அதற்குள் எனக்கும் அந்த மனதைத் தாரும்.