எந்த மாத்திரை பெஸ்ட்?

நேத்து ஒரு தோழி உள்பெட்டியில கேட்டாங்க: "மனச்சோர்வுக்கு எந்த மாத்திரை பெஸ்ட்?" ஏதோ மிக்ஸி வாங்குற மாதிரி!

2018-ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 21 மருந்து, 522 சோதனை, 1,16,477 பேர். அந்த 21 மருந்துமே, மருந்தே இல்லாத வெத்து மாத்திரையைவிட மேல்தான், ஆனா சராசரியாப் பார்த்தா வித்தியாசம் அப்படி ஒண்ணும் பிரமாதமில்ல. பலன்ல முன்னாடி நின்னது பழைய அமிட்ரிப்டிலின். வாய் வறட்சி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம்னு படுத்துறதும் அதுதான். அளவு மீறினா இதயத்துக்கே ஆபத்து. எஸ்சிட்டலோபிராம் வேலையும் செஞ்சுது, பாதியில விட்டவங்களும் குறைவு. ஃப்ளூவாக்செடின் பலன்ல கொஞ்சம் பின்தங்குது, ஆனா உடம்பு தாங்குது.

இதெல்லாம் பெரும்பாலும் எட்டு வாரக் கணக்கு. நாம வருஷக்கணக்குல சாப்பிடுறோமே!

எனக்கு செர்ட்ராலின். முதல் பத்து நாள் ஒரே குமட்டல், இட்லிகூட இறங்கல. மூணாவது வாரம்தான் காலையில எழுந்து குளிக்கணும்னே தோணுச்சு. சித்திக்கு அதே மாத்திரை ஒத்துக்கவே இல்ல. மிர்டாசபைனுக்கு மாத்தினாங்க, தூக்கம் வந்துச்சு. கூடவே ஆறு கிலோவும்.

தோழிக்கு டாக்டர் நம்பர்தான் அனுப்பினேன்.