எம்.ஜி.ஆருக்காக வைத்த நேர்த்தி

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு நான் பட்டிருந்த கடன்களுள் மிகப் பழையதை இவ்வருட வைகாசிப் பொங்கலன்று கொடுத்து முடித்தேன். பிள்ளைகளின் பரீட்சைக்கு வைத்ததும், மூத்தவனின் காய்ச்சலுக்கு வைத்ததும், 2009இல் உயிரோடு ஊர் திரும்பினால் என்று வைத்ததும், முந்திப் பிந்தியேனும் எப்போதோ தீர்ந்துவிட்டன. 1984ஆம் ஆண்டு கார்த்திகையில், பதினைந்து வயதில், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்த ஒரு நேர்த்தி மட்டும் நின்றுபோயிருந்தது. அது எம்.ஜி.ஆரின் சிறுநீரகத்துக்காக வைத்தது.

அப்போது எங்கள் வீடு இலங்கையின் வடக்கே, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்தது. எங்கள் ஊரில் திரையரங்கு இல்லை. படம் பார்ப்பதென்றால் வவுனியாவுக்கு பஸ் ஏறவேண்டும். பஸ் ஏறுவதென்றால் ஐயா மனம் வைக்கவேண்டும். ஐயாவோ சிவாஜி கட்சி. ஆகவே அந்த வயதுவரை நான் கண்ணால் கண்ட எம்.ஜி.ஆர். படங்கள் மூன்றே மூன்று. மற்றவையெல்லாம் காதால் பார்த்தவை. திருச்சி வானொலியில் ஒலிச்சித்திரம் போகும்போது வாளோடு வாள் மோதும் ஓசை வரும். எந்த ஓசை எவருடைய வாளுடையது என்று தெரியாது. ஆனாலும் வென்றவர் யார் என்பதில் எனக்கு ஒருபோதும் ஐயம் வந்ததில்லை. பற்றறி இறங்கிவிட்டால் அதைக் கழற்றி வெயிலில் காயவைப்போம், இன்னும் அரை மணித்தியாலத்துக்கு உயிர் வரும். ஒருநாள் உச்சக்கட்டச் சண்டையின் நடுவே அது செத்துப்போக, பக்கத்தில் இருந்த மச்சாள், “உன்ர ஆள் விழுந்திட்டார்” என்று அறிவித்துவிட்டு எழுந்து ஓடினாள். மூன்று நாள் நான் அவளோடு கதைக்கவில்லை.

மச்சாள் என் மாமாவின் மகள், என்னிலும் ஒரு வயது மூத்தவள், சிவாஜிக்காக எவருடைய தலைமயிரையும் பிடித்து இழுக்கக்கூடியவள். என்னிடம் இருந்த துருப்புச்சீட்டு நாவலப்பிட்டி. 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி எம்.ஜி.ஆர். பிறந்த ஊர் அது. எங்கள் நாட்டு ஊர். சிவாஜியால் இதற்கு என்ன செய்யமுடியும்? மச்சாள் அசரமாட்டாள். “பிறந்த ஆள் ஏன் இஞ்சை இருக்கேல்லை? உன்னைப்போல ஆக்கள் வருவினம் எண்டு தெரிஞ்சுதான் வெளிக்கிட்டவர்” என்பாள். என் கணக்குக் கொப்பிக்கு ‘பேசும் படம்’ இதழில் வந்த அவருடைய படத்தால் உறை போட்டிருந்தேன். அந்தக் கொப்பியில் நான் எடுத்த புள்ளிகளை நினைத்தால், அவர் அவ்வளவு காலமும் முகம் மாறாமல் சிரித்துக்கொண்டிருந்ததே பெரிய காரியம்.

1984ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் திகதி அவரைச் சென்னையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்ற செய்தி வந்தது. பிறகு சிறுநீரகம் பழுது என்றார்கள், பக்கவாதம் என்றார்கள். நவம்பர் 5ஆம் திகதி விமானத்தில் அமெரிக்காவுக்கு, புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் எனக்கு வந்த பெரிய பயம் வானொலியால் வந்ததல்ல. மச்சாள் சண்டை பிடிப்பதை நிறுத்தியிருந்தாள். நான் வேண்டுமென்றே சிவாஜியின் நடையைப் பழித்து நடந்து காட்டியபோதும் அவள் பேசாமல் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். நிலைமை கைமீறிவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

முதலில் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம், மடிப்புக்குள் தான்தோன்றீஸ்வரர் கோயில் விபூதியும் ஒரு வில்வம் இலையும். கொப்பி வாங்கத் தந்த காசை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனபோது, தபால் அதிபர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘மாண்புமிகு எம்.ஜி.ஆர். அவர்கள், ஆஸ்பத்திரி, அமெரிக்கா’ என்று எழுதியிருந்தேன்.

“பிள்ளை, அமெரிக்காவில ஒரு ஆஸ்பத்திரிதான் இருக்கெண்டு நினைச்சியோ?”

“அவர் இருக்கிறது ஒண்டிலைதானே ஐயா.”

அவர் மறுமொழி சொல்லாமல் தன் பேனையால் ‘புரூக்ளின்’ என்று ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்தார். அவரும் எங்கள் கட்சி என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கடிதம் மட்டும் போதாது என்று தோன்றியபோது நேர்த்தி வைத்தேன். தான்தோன்றீஸ்வரர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க, அவரை விட்டு வற்றாப்பளை அம்மனைத் தேடியதற்குக் காரணம் விஞ்ஞானம். உடம்பில் உள்ள உப்பையும் தண்ணீரையும் அளவாக வைத்திருப்பது சிறுநீரகத்தின் வேலை என்று அந்தத் தவணைதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பவள் அம்மன். மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்து, இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளையாகி, பின்னர் வற்றாப்பளை ஆனது என்பார்கள். அங்கே அவள் கிழவியாக வந்து, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் பசிக்கிறது என்றாள், அவர்கள் பொங்கினார்கள். விளக்கு வைக்க எண்ணெய் இல்லை என்றதற்குக் கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிய சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். இப்படிப்பட்டவளுக்கு ஒருவருடைய உப்பும் தண்ணீரும் பெரிய வேலையாக இராது என்று நான் தீர்மானித்தேன்.

ஒரேயொரு தயக்கம் இருந்தது. கண்ணகி கதையை 1964இல் ‘பூம்புகார்’ என்று படமாக எழுதியவர் கருணாநிதி. அம்மன் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பாவோ என்று இரண்டு இரவு யோசித்தேன். கடைசியில், எம்.ஜி.ஆர். கடைசியாக நடித்து வெளிவந்த படத்தின் பெயர் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ என்பதை நினைவூட்டி, ‘நீ எரித்த ஊரை மீட்டுத் தந்தவர் அம்மா’ என்று வேண்டிக்கொண்டேன். இதைப் பல வருடம் கழித்து மச்சாளிடம் சொன்னபோது அவளுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. “எரிச்சவளிட்டப் போய் மீட்டவனுக்கு வரம் கேட்டனியோ? அவ கோவத்தில மற்றக் குண்டிக்காயையும் எடுத்திருப்பா!”

நேர்த்தி இதுதான்: ஒட்டுசுட்டானிலிருந்து வற்றாப்பளைக்கு நடந்து வந்து, வெள்ளித் தகட்டில் சிறுநீரகம் செய்து அம்மனுக்குப் போடுவது. கண் நோய்க்குக் கண்ணும், கால் நோவுக்குக் காலும் தகட்டில் செய்து போடுவதில்லையா? ஊரில் நகை செய்யும் பத்தரிடம் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி வெகுநேரம் பார்த்தார்.

“இது மரமுந்திரிகைக் கொட்டையெல்லோ?”

“இல்லை... குண்டிக்காய்.”

அந்தச் சொல்லை ஓர் ஆண்பிள்ளைக்கு முன்னால் சொல்ல அந்த வயதில் பட்ட வெட்கத்தை அம்மன் தனியாகக் கணக்கில் எழுதியிருக்கவேண்டும். யாருக்கு வருத்தம் என்று கேட்டார், சொந்தக்காரருக்கு என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். அம்மா பக்கம் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பத்தர் அம்மாவைக் கண்டு, முகம் முழுதும் இரக்கத்தோடு, உங்கள் ஆட்களில் யாருக்குக் கடுமை என்று விசாரித்துவிட்டார். அன்று வீட்டில் நடந்ததை விரிக்கத் தேவையில்லை. வெள்ளிக்குச் சேர்த்த காசு உப்புக்கும் சீனிக்கும் போயிற்று.

ஆனால் அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். டிசம்பர் 19ஆம் திகதி அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தினார்கள். 24ஆம் திகதி நடந்த தேர்தலில், ஆண்டிப்பட்டிக்கு ஒருநாள்கூடப் போகாமல், கட்டிலில் இருந்தபடியே வென்றார். 1985 பெப்ரவரி 4ஆம் திகதி சென்னையில் வந்து இறங்கினார். நான் நடக்கவில்லை. அந்த வைகாசிக்கு வீட்டில் விடவில்லை, அடுத்த வைகாசிக்குக் காசில்லை. 1987 டிசம்பர் 24ஆம் திகதி அவர் இறந்தபோது, கடன் கட்டாததால் அம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டாள் என்று நம்பி, காரணத்தை ஒருவருக்கும் சொல்லமுடியாமல் அழுதேன். மச்சாளும் அழுதாள், அவள் ஏன் அழுதாள் என்று நான் கேட்கவில்லை. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் அந்தக் கொப்பி உறையும் போயிற்று, வீடும் போயிற்று.

இம்முறை பத்தர் இளைஞர். கைத்தொலைபேசியில் சிறுநீரகத்தின் படத்தைத் தேடி எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, “ஒண்டோ அன்ரி, சோடியோ?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், பொருத்தியது ஒன்றுதான். ஒன்று என்றேன்.

திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்கு மச்சாளும் நானும் தான்தோன்றீஸ்வரர் வாசலில் கற்பூரம் கொளுத்திப் புறப்பட்டோம். இருட்டில் எங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நடந்தார்கள். இளம் பிள்ளைகள் வேகமாகக் கடந்துபோனார்கள். என் இடது முழங்கால் கெருடமடு தாண்டியதும் முறையிடத் தொடங்கியது. மச்சாள் தன் செருப்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். நேர்த்தி என்னுடையது, நீ ஏன் வெறுங்காலில் வருகிறாய் என்று கேட்டேன். “பேசாமல் நட” என்றாள்.

முள்ளியவளையில் காட்டா விநாயகர் கோயிலுக்குள் போனோம். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து ஏற்றும் விளக்கு இங்கேதான் ஒரு கிழமை எரிந்து, பொங்கலன்று மடைப்பண்டங்களோடு வற்றாப்பளைக்குப் போகும். கூட்டத்தின் தலைகளுக்கிடையில் அந்தச் சுடரைக் கண்டேன். பெரிய சுடரல்ல. ஆடாமல், அவசரப்படாமல் நின்றது. பதினைந்து வயதில் நான் கட்டிய விஞ்ஞானமெல்லாம் நினைவுக்கு வந்து, சிரிப்பு வரவேண்டிய இடத்தில் கண் கலங்கிவிட்டது. மச்சாள் விபூதியை என் நெற்றியில் கொஞ்சம் பலமாகவே பூசினாள்.

வற்றாப்பளையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. நந்திக்கடல் பக்கமிருந்து வந்த காற்றில் கற்பூரமும் கச்சான் வறுக்கும் மணமும் கலந்திருந்தன. உழவு இயந்திரத்தில் கட்டிய தூக்குக்காவடி ஒன்று பறையோசையோடு எங்களைக் கடந்தது. வீதியோரம் தகடு விற்ற அம்மாவின் தட்டில் கண், கை, கால், குழந்தை எல்லாம் அடுக்கியிருந்தன. வேடிக்கைக்காகத்தான் கேட்டேன், சிறுநீரகம் இருக்கிறதா என்று. அவர் சிரிக்கவில்லை. “இப்ப கனபேர் கேக்கினம் பிள்ளை. எங்கட பக்கங்களிலை அந்த வருத்தம் கூடிப்போச்சு. அச்சு இல்லை. முழு ஆளாய்த்தான் குடுக்கிறன்” என்றார். என் கைப்பையில் இருந்த தகட்டின் பாரம் சட்டென்று கூடியதுபோல இருந்தது.

அர்ச்சனைக்கு நின்றபோது ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நாற்பது வருடம் யோசித்தும் நான் யோசியாத கேள்வி அது. இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்ய முடியாது. அவருடைய நட்சத்திரமும் எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்துகொண்டு நிற்க, பின்னாலிருந்து மச்சாளின் குரல் வந்தது: “சுவாமி பேருக்குச் செய்யுங்கோ ஐயா.”

உண்டியல் வாசலில் தகடு சிக்கிக்கொண்டது. நீளப்பக்கமாகவும் போகவில்லை, அகலப்பக்கமாகவும் போகவில்லை, வளைவு இடித்தது. பின்னால் வரிசை நெருக்கியது. தொண்டர் சட்டை அணிந்த பொடியன் ஒருவன் வந்து, அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

“என்ன அன்ரி இது, கஜுக்கொட்டையோ?”

“குண்டிக்காய், தம்பி.”

அவன் முகம் மாறிவிட்டது. தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, “ஆருக்கம்மா சுகமில்லை?” என்றான்.

“அவருக்கு நாற்பது வருசத்துக்கு முதலே சுகமாயிட்டுது” என்றேன்.

அவன் ஒன்றும் விளங்காமல் மச்சாளைப் பார்த்தான். சிவாஜியின் ஆள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஆமென்று தலையாட்டினாள். அவன் தகட்டைச் சற்றே சரித்து உள்ளே தள்ளினான். காசுகளின் மேல் அது விழுந்த சத்தம் கேட்டது.