டிரம் சப்போட்டா காய்த்தது, இனி நர்சரிக் கதை

மாடியில் டிரம்மில் நிற்கும் சப்போட்டாவில் இந்த முறை பழம் பறித்தாகிவிட்டது. பூவும் பிஞ்சுமாக உதிர்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்த எனக்கு இப்போது கொஞ்சம் தலைக்கனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகம். அதிகம் உயராது, அதனால் டிரம்முக்குத் தோது. மண்கலவை, உரம், டிரம்மில் ஓட்டை போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

கீழ்வீட்டுக்காரர் முதல் அலுவலக நண்பர்கள் வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த நர்சரி? ஒரு கடைப் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் முடியாது. நான் வாங்கிய அதே வரிசையில், இதற்குப் பக்கத்திலேயே இருந்த கன்றை நான் காசு கொடுத்தாலும் தொட்டிருக்க மாட்டேன். காரணம் ஒட்டுக்கட்டு, அதாவது இரண்டு செடிகளைச் சேர்த்து ஒட்டுப்போட்ட இடம்.

சப்போட்டாவை விதையிலிருந்து வளர்த்தால் காய்ப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழமும் தாய்மரத்தைப் போல இருக்குமா என்பது உறுதியில்லை. அதனால் பாலைக் கன்றை வேர்ச்செடியாக வைத்து, அதன் தண்டையும் தாய்மரக் கிளையையும் சீவிச் சேர்த்துக் கட்டி நெருக்கு ஒட்டு போடுகிறார்கள். மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழம் பழுக்குமே, அந்தப் பாலை மரமேதான். வறட்சி தாங்கும், வேர் வலுவானது. ஆனால் சும்மா இருக்காது. கட்டுக்குக் கீழே தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். கிள்ளாமல் விட்டால் பாலை மேலே ஏறிவிடும், சப்போட்டா சுணங்கிக் காய்ந்துவிடும். அப்புறம் "மரம் ஜோரா வளருது, காய்தான் வரலை" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எது பாலை, எது சப்போட்டா என்று கிள்ளிப் பார்த்துப் பயனில்லை. இரண்டிலும் பால் வடியும். இலை நுனியைப் பாருங்கள். சப்போட்டா இலை கூராக முடியும். பாலை இலை நுனி மழுங்கி, நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கும். கன்றில் இருக்கிற பசுமையெல்லாம் கட்டுக்குக் கீழேயிருந்து வந்ததாக இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

நர்சரிக்குப் போனால் நான் முதலில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். நின்றுகொண்டு பார்த்தால் இலையும் பூவும்தான் தெரியும். கவரின் மேல்மண்ணை விரலால் ஒதுக்கினால், சில கன்றுகளில் ஒட்டுக்கட்டே மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மண்ணுக்கு மேலே கட்டு தெளிவாகத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் நாடா இன்னும் சுற்றியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்வேன். நாடா பட்டைக்குள் இறங்கி, இடுப்பில் கயிற்றை இறுக்கின மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம். சேர்ந்த இடம் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் மழைக்காலத்தில் அதில் தண்ணீர் இறங்கும். மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் வைத்து மெல்ல அசைத்தால் இரண்டும் ஒன்றாக ஆட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்து, ஒட்டுக்கு மேலே வந்த தளிர் முற்றி இலை கரும்பச்சையாகியிருந்தால் எடுக்கலாம். நேற்று விட்ட தளிரைக் காட்டி "பாருங்க சார், ஒட்டு பிடிச்சாச்சு" என்பார்கள். கிளையில் மிச்சமிருக்கிற சத்திலேயே அந்தத் தளிர் வந்துவிடும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய நர்சரி. நீரூற்று, புத்தர் சிலை, வண்ணக் கூழாங்கல் எல்லாம் உண்டு. நான் கவரைத் தொட்டதுமே "கை வைக்காதீங்க சார், செடி வாடிடும்" என்று ஒருவர் ஓடி வந்தார். தொட்டால் வாடுகிற செடியை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவதாம்? என்ன ரகம் என்று கேட்டால் "ஹைபிரிட் சார்." சப்போட்டாவும் ஹைபிரிட், கறிவேப்பிலையும் ஹைபிரிட்.

கடைசியில் வாங்கியது ஒரு சந்துக்குள் நிழல்வலை கட்டிய சின்ன இடத்தில். அங்கிருந்த அக்கா நான் கேட்பதற்கு முன்பே ஒரு கவரைச் சாய்த்துப் பிடித்து அடியைக் காட்டினார். "இது தரையில வேர் இறக்கிடுச்சு தம்பி, எடுத்தா பட்டுனு அறுந்துடும். அந்தப் பக்கம் மாத்தி வெச்சது இருக்கு, அதை எடு." இது ரொம்பப் பேர் பார்க்காத விஷயம். ஒரே இடத்தில் நெடுநாள் கிடந்த கவரில் வேர், அடி ஓட்டை வழியாகத் தரைக்குள் போயிருக்கும். செடி செழிப்பாகத் தெரிவது அந்தத் தரைமண்ணின் தயவில்தான். தூக்கும்போது அறுந்து, வீட்டுக்கு வந்ததும் தொங்கிவிடும். நாமோ தண்ணீர் போதவில்லை என்று ஊற்றி ஊற்றி மிச்சத்தையும் அழுகவைப்போம். அதனால் விலை பேசுவதற்கு முன் கவரை ஒருமுறை தூக்கிவிடுங்கள்.

சென்னை நர்சரிகளில் நிற்கும் செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. அதில் தப்பில்லை. ஆனால் "லோடு எப்போ வந்துச்சு?" என்று கேட்டுவிடுங்கள். இறக்கின மறுநாளே எடுப்பதைவிட, கொஞ்ச நாள் நம் வெயிலில் நின்று புதுத்தளிர் விட்டதை எடுப்பது மேல். மண்ணும் கவனிக்க வேண்டியது. பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், இறங்காமல் குளமாக நின்றால் உள்ளே கெட்டிக் களிமண்.

ரகம் சுத்தமாக வேண்டும், அலங்காரம் தேவையில்லை என்பவர்களுக்கு அரசு தோட்டக்கலைப் பண்ணைகள்தான் என் முதல் சிபாரிசு. தாய்மரங்கள் அங்கேயே நிற்கும், போய்ப் பார்க்கலாம். என்ன, நாம் கேட்கிற நேரத்தில் நாம் கேட்கிற கன்று இருக்காது. போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பூச்செடிக்கு இவ்வளவு அலைய வேண்டாம், பக்கத்துத் தெரு வண்டிக்காரரே போதும்.

கொய்யா மட்டும் தனிக்கேஸ். பெரும்பாலும் பதியன்தான் (தாய்மரக் கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டியெடுப்பது), ஒட்டுக்கட்டு பார்க்கிற வேலை இல்லை. பதிலுக்கு வேர் முடிச்சு நூற்புழு இருக்கிறது, வேருக்குள் புகுந்து அதை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் பொடிப்புழு. நர்சரி மண்ணோடே அது மாடிக்கு வந்துவிடும், ஒருமுறை வந்தால் அந்த மண்ணை விட்டு லேசில் போகாது. ஒரு கன்றின் கவரைக் கீறி வேரைக் காட்டச் சொன்னால் பலரும் முறைப்பார்கள். அந்தக் கன்றுக்கு நான் காசு கொடுத்துவிடுகிறேன் என்றால் முறைப்பு குறையும். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அந்த இடத்தில் கத்தரி நாற்றுகூட எடுப்பதில்லை.

லக்னோ 49 கொய்யா ஒன்று எடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். அதற்குள் வேறு ஆசை வந்துவிட்டது, நெருக்கு ஒட்டை நானே போட்டுப் பார்க்க வேண்டும். தாய்மரத்துக்குப் பஞ்சமில்லை, டிரம்மிலேயே இருக்கிறது. பாலைக் கன்றுதான் கிடைக்கவில்லை. விதை போட்டு வளர்த்தால் தண்டு பென்சில் கனம் வரவே இரண்டு வருஷத்துக்குக் குறையாது, அவ்வளவு மெதுவாக வளர்கிற சாதி. அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒட்டு சேராமல் போன பாலைக் கன்றுகள் இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வைப்பதாகச் சொன்னார். ஆடிக்குள் கிடைத்தால் மழை பிடிப்பதற்குள் கட்டிவிடுவேன். பழைய டிரம்மில் மேல்மண் மாற்றுகிற வேலை இன்னும் பாக்கி, அதை இந்த ஞாயிற்றுக்கிழமையாவது முடிக்க வேண்டும்.