கும்பாபிஷேக மலரைத் தூக்கிப் போடாதீர்கள்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெளியே போவது விழா மலர்கள்தான். கோவில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி வெள்ளிவிழா மலர், தமிழ் இளைஞர் மணிமன்ற ஆண்டு மலர், தொழிற்சங்க மாநாட்டு மலர். பாதிப் பக்கம் விளம்பரம், அப்புறம் வாழ்த்துச் செய்திகள், மீதிக்கு யார் யாரோ வரிசையாக நிற்கும் படங்கள். அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். தயவுசெய்து கட்டாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கலைப்புலத்துக்குப் பொறுப்பான நூலகர். தமிழ், வரலாறு, சமயம், தத்துவம், மொழியியல் என்று அந்தப் பக்கத்துத் துறைகளெல்லாம் என் கணக்கில் வரும். நூலகர் என்றதும் புத்தகத்தில் முத்திரை குத்துகிறவர் என்றுதான் என் சொந்தக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். இரவல் கொடுப்பதை இப்போது இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. எந்த நூலை வாங்குவது, வந்ததை எப்படிப் பதிவது, ஆய்வுக்கு வருகிறவர் கேட்பதை எங்கே தேடுவது, இவைதான் என் வேலை. மருத்துவத் துறையைப் பார்க்கும் சக நூலகரிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் போன மாதம் வெளிவந்த கட்டுரை வேண்டும். என்னிடம் வருகிறவருக்கு 1958-இல் ஒரு தோட்டக் கோவிலுக்கு யார் தலைவராக இருந்தார் என்று தெரிய வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளங்களான ஸ்கோபஸிலும் அது இல்லை, ஜேஸ்டோரிலும் இல்லை.

போன ஆண்டு வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி வந்தாள். கடைசி ஆண்டு. "அக்கா, எங்க பாட்டி பொறந்த தோட்டத்தைப் பத்தி எழுதணும். கூகள்ல தேடினா ஒண்ணுமே வரல" என்றாள். தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். பாட்டி சொன்ன பெயரைச் சொன்னாள். அது தமிழ்ப் பெயர். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் மக்கள் தோட்டங்களுக்குத் தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். கங்காணியின் பெயர், முதலில் இருந்த துரையின் பெயர், சாலையில் அது எத்தனையாவது கட்டை, அதாவது மைல்கல், என்ற எண், பக்கத்தில் ஓடும் ஆறு, எது வாயில் எளிதாக வந்ததோ அது. கம்பெனியின் ஆவணத்தில் இருப்பதோ வேறு பெயர். அரசாங்கக் கோப்பும் கம்பெனிப் பெயரில்தான் இருக்கும். ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அந்தப் பெண்ணை அப்படியே அனுப்பியிருந்தால், பாட்டி சொன்ன பெயரை வைத்துக்கொண்டு அவளால் ஒரு கோப்பைக்கூடக் கேட்டிருக்க முடியாது.

இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் கிடைத்தது ஒரு கும்பாபிஷேக மலரில். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்ட பிறகு, கோவிலைப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்த மலரில் கோவில் வரலாறு எழுதியிருந்தார். தோட்டத்தின் கம்பெனிப் பெயர், மக்கள் அழைத்த பெயர், கோவிலுக்கு முதல் சூலத்தை நட்ட கங்காணியின் பெயர், தீமிதி எப்போது நின்றது, பள்ளி எந்தக் கொட்டகையில் நடந்தது, எல்லாம் நான்கு பக்கத்தில். அதை வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். இந்த முறை கோப்புகள் கிடைத்தன.

ஒரு மலரை முன்னால் வைத்துக்கொண்டு மாணவர்களோடு உட்காரும்போது முதலில் விளம்பரங்களைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அந்த வட்டாரத்தில் மளிகைக்கடை யாருடையது, நகைக்கடை எது, லாரி ஓட்டியவர் யார், எந்தச் சீனர் கடை கோவிலுக்கு விளம்பரம் கொடுத்து உதவியது என்று ஒரு சிற்றூரின் பொருளாதாரமே அங்கே இருக்கும். அப்புறம் நன்கொடையாளர் பட்டியல். யார் நூறு வெள்ளி (ரிங்கிட்), யார் ஐந்து வெள்ளி, யார் மூங்கிலும் தகரமும் கொடுத்தது என்று வரிசையாக இருக்கும். பெண்கள் தங்கள் பெயரிலேயே கொடுத்திருக்கிறார்களா, கணவர் பெயரில் கொடுத்திருக்கிறார்களா என்பதும் அதில் தெரியும்.

கும்பாபிஷேகம் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய வசதி. ஒரே கோவிலின் மூன்று மலர்கள் கிடைத்தால் ஏறக்குறைய கால் நூற்றாண்டு மாற்றம் கையில் இருக்கிறது. முதல் மலரில் நன்கொடையாளர்கள் எல்லாரும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பார்கள். அடுத்ததில் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் என்று முகவரிகள் சிதறியிருக்கும். மூன்றாவதில் மெல்பர்ன்கூட இருக்கலாம். தோட்டங்களை விட்டு நம் மக்கள் வெளியேறியதைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் உண்டு. எந்தக் குடும்பம் எங்கே போனது என்பதை இந்தப் பட்டியல்கள் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டும் வேறு அச்சு ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

மலரில் உள்ளதெல்லாம் உண்மை என்று சொல்லவில்லை. ஒரே கோவிலின் இரண்டு மலர்களில் தோற்ற ஆண்டு இரண்டு விதமாக இருப்பதுண்டு. பிரிந்துபோன குழுவின் பெயர் அடுத்த மலரில் காணாமல் போயிருக்கும். அதனால் மாணவர்களைப் பழைய நாளிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். தமிழ் நேசன் 1924-இல் தொடங்கி 2019 வரை இந்நாட்டில் வந்தது. அதன் பழைய இதழ்களை மைக்ரோஃபிலிமில் உருட்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும். சிங்கப்பூரில் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு நமக்கும் சேர்த்துத்தான் செய்தி போட்டது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. இவ்வளவு செய்தபிறகும் மலர் சொல்வதுதான் மிஞ்சுகிறது என்றால், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறிப்பிட்டு எழுதலாம். அதில் தவறில்லை.

சரி, இவ்வளவு பயனுள்ளதை நூலகமே வாங்கி வைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். வாங்க முடிவதில்லை. இந்நாட்டுத் தமிழ் நூல்களை வாங்குவதே சிரமம். எழுத்தாளர் சொந்தக் காசில் முந்நூறு, ஐந்நூறு பிரதி அச்சடிக்கிறார். விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள தான் ஸ்ரீ சோமா அரங்கத்திலோ வேறொரு மண்டபத்திலோ வெளியீடு நடக்கும். வந்தவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுத்து நூலைப் பெற்றுக்கொள்வார்கள். பல்கலைக்கழகம் உறையில் பணம் வைக்க முடியாது. விலைப்புள்ளி வேண்டும், பில் வேண்டும், பதிவு பெற்ற நிறுவனம் வேண்டும். எழுத்தாளரிடம் அந்த மூன்றும் இருக்காது. நடுவில் ஒரு புத்தகக் கடைக்காரரைப் பிடித்து அவர் வழியாக வாங்குகிறோம். மலருக்கோ விலையே கிடையாது. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் கிடையாது. கடைக்கும் வராது. கும்பாபிஷேகத்தன்று மண்டபத்தில் கொடுத்து முடித்துவிடுவார்கள். அன்றைக்கு அங்கே இல்லாதவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது.

மலேசியாவில் அச்சாகும் நூல்களில் ஐந்து பிரதியைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மலர் போடும் குழுவினரிடம் நான் இதைச் சொல்லும்போது பெரும்பாலும் அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அரிசி மூட்டைக்கும் சிற்பிகளின் கூலிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மனிதர்கள் அவர்கள். இதை எடுத்துச் சொல்வது எங்களைப் போன்றவர்களின் வேலை. வார இறுதிகளில் கோவில் கோவிலாகப் போய், "ஐயா, ஒரு பிரதி நூலகத்துக்குக் கொடுங்கள்" என்று கேட்கிறேன். யாரும் மறுத்ததில்லை. சிலர் பழைய மலரையும் தேடி எடுத்துத் தருகிறார்கள்.

இந்நாட்டில் தமிழ் நூல் அடுக்குகள் தொடக்கத்திலேயே மக்கள் கொடுத்ததில்தான் நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், வரவிருந்த இந்தியவியல் துறையில் தமிழுக்கு முதன்மை வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரண மக்கள் கொடுத்த அந்தப் பணம் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது. பின்னால் தனிநாயகம் அடிகளார் கோலாலம்பூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றதும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இதே ஊரில் நடந்ததும் பலருக்குத் தெரியும். அந்த நூல்களுக்குக் காசு கொடுத்தவர்களை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. தமிழ் அடுக்கில் கைவைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

மலர் கைக்கு வந்தபிறகு செய்ய வேண்டியதும் நிறைய. துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை எடுத்துவிட வேண்டும். அதைவிட முக்கியம் பதிவு. எங்கள் கேட்லாக் ஆங்கில எழுத்தில் ஒரு முறைப்படி தமிழை எழுதும். ழகரத்துக்கு அடியில் கோடிட்ட எல் போடுவது அந்த முறை. மாணவர்களோ இசட்-எச் போட்டுத் தேடுகிறார்கள். நூல் அடுக்கிலேயே இருக்கும், தேடலில் வராது. அதனால் நூலகங்கள் கணினியில் நூல் விவரங்களைப் பதியும் மார்க் முறையில், 880 என்ற புலத்தில் தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே சேர்க்கிறேன். உள்ளடக்கக் குறிப்புக்கு 505. கட்டுரைத் தலைப்புகள் அங்கே போகும். தோட்டத்தின் எல்லாப் பெயர்களையும் தனிக் குறிப்பாக எழுதிவிடுகிறேன். ஒரு மலருக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போய்விடும். மேலிடத்தில் இதற்கு இவ்வளவு நேரமா என்று கேட்பார்கள். பாட்டி சொன்ன பெயரைத் தட்டினால் நூல் வர வேண்டும் என்றால் இவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியது நினைவிருக்கும். அந்தப் பகுதியில் ஒரு பெரியவரிடம் கிள்ளான் வட்டாரத்துக் கோவில் மலர்கள் நிறைய இருந்தன. தண்ணீர் வடிந்து சில நாள் கழித்துத்தான் அவர் மகன் என்னை அழைத்தார். மலர்களை வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சடிப்பார்கள். அது நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். அதைப் பிரிக்க எங்களாலும் முடியாது. ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டுப் ஃபிரீஸரில் வைத்திருந்தால் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். இது வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்.

உங்கள் வீட்டில் மலர் இருந்தால், நீங்கள் படித்த பல்கலைக்கழக நூலகத்தையோ தேசிய நூலகத்தையோ கேட்டுப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், அது பழுத்துத் தாளைக் கெடுத்துவிடும். தாத்தா ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அழிக்க வேண்டாம், எங்களுக்கு அதுவும் வேண்டும். படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் வீட்டில் இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தனித்தாளில் இடமிருந்து வலமாகப் பெயர்களைப் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் ஓரிரு நாள் இரவலாகக் கொடுத்தாலும் போதும். ஸ்கேன் செய்துகொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.