இருக்கும்போது 5, புரட்டும்போது 14

மூன்று கிழமை அலைச்சலுக்கு இன்றைக்குத்தான் ஒரு வழி பிறந்தது. மெல்பேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மம்மா. மறதி நோய் முற்றி ஆங்கிலம் முழுதாகப் போய்விட்டது. காலையில் உடம்பு கழுவப் போனால் கையைத் தட்டிவிடுவார். "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்றே எல்லோரும் எழுதி வந்தார்கள். எனக்கோ அது நோவு என்று பட்டது.

நோவை அளக்க பெயின்செக் செயலி இருக்கிறது. மொத்தம் 42 கேள்வி. முகத்துக்கான 9 அசைவையும் போன் கமராவே 3 விநாடியில் பார்த்துவிடும். மிச்சத்துக்கு நாங்கள்தான் ஆம், இல்லை போட வேண்டும். ஆம் விழுந்த எண்ணிக்கை 6 வரை என்றால் நோவில்லை, 12 வந்தால் நடுத்தரம், 16 தொட்டால் கடுமை.

முதல் நாள் முகமே பிடிபடவில்லை. பிழை என்னுடையதுதான்: அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், முகம் ஒரே இருட்டு. கதிரையைத் திருப்பிய பிறகு சரி வந்தது. ஆனால் மொத்தம் 5! பொறுப்பு நேர்ஸ் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "நோவில்லை, இது அவருடைய குணம்" என்று முடித்துவிட்டார். டொக்டர் வந்த செவ்வாய், ஷிஃப்ட் முடிந்தும் ஒன்றரை மணித்தியாலம் காத்து நின்றேன். அவருக்கும் அதே 5தான் காட்டப்பட்டது. வீண் காத்திருப்பு.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. மாடி முழுவதற்கும் ஒரே போன். அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கைக்கு வரும். சாய்ந்து கண்ணயரும் மனிசிக்கு எங்கே நோகும்?

அடுத்த நாள் விடியவே போனை எடுத்து வைத்துவிட்டேன். இடப்பக்கம் புரட்டியதுதான் தாமதம், கண்ணை இறுக்கி மூடி, கை இடுப்புக்குப் போனது. "பிள்ளை, பிடி பிள்ளை" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உதவி கேட்கிறாரா என்ற கேள்விக்கு மற்றவர்கள் இவ்வளவு நாளும் 'இல்லை' போட்டிருந்தார்கள். பாவம், தமிழ் விளங்கினால்தானே! மொத்தம் 14. அசைந்த பிறகு எடுத்தது என்றும் மறக்காமல் பதிந்தேன். அதைப் பதியாவிட்டால் பழைய 5ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

டொக்டர் நேரத்துக்கு நேரம் பனடோல் எழுதினார். இன்று காலை, கழுவுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே கொடுத்தோம். அதே இடப்பக்கம் புரட்டினோம்: 6. கையைத் தட்டவில்லை, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

கோப்பில் அந்த "ஒத்துழைக்க மறுக்கிறார்" இன்னும் இருக்கிறது. திங்கள் அதைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.