வட்டிக் கணக்கும் பகடையும்: எக்செலில் கணிதம் படிப்பது

பி.காம்., பி.பி.ஏ. மாதிரி படிப்புகளில் ஆரம்பத்திலேயே வரும் பிசினஸ் மேத்ஸையும் ஸ்டாடிஸ்டிக்ஸையும் எக்செலைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் படியுங்கள் என்பேன். ஒரே நிபந்தனை, அதில் ரெடிமேடாக இருக்கும் ஃபங்ஷன்களைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) என்றதும் அதற்கான ஃபங்ஷனைத் தட்டி விடையை எடுத்துக்கொள்வது டைப்பிங், கணிதம் இல்லை.

அல்ஜீப்ராவுக்கு நல்ல உதாரணம் கடன் தவணைதான். ஒரு வட்டி, ரெண்டு வட்டி என்று நம் ஊரில் பேசுவோமே, ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய். ஒரு லட்சம் கடன், ஒரு வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நெடுக்குப் பத்தியில் மாதத் தொடக்கப் பாக்கி, அடுத்ததில் அதற்கு 1 சதவீத வட்டி, அப்புறம் கட்டும் தவணை, கடைசியில் மீதிப் பாக்கி; இந்த மீதிதான் அடுத்த வரியின் தொடக்கம். ஒரு வரி எழுதிக் கீழே இழுத்தால் 12 மாதமும் வந்துவிடும். தவணை எவ்வளவு என்று தெரியாது, அதுதான் நம் எக்ஸ். அதற்குத் தனியாக ஒரு செல் ஒதுக்கி, குத்துமதிப்பாக 8,500 போட்டால் கடைசி வரியில் 4,881 ரூபாய் பாக்கி நிற்கிறது. 9,000 போட்டால் மைனஸ் 1,460, அதாவது கூடுதலாகக் கட்டிவிட்டோம். விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கையால் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு டேட்டா மெனுவில் இருக்கும் கோல் சீக் என்ற வசதியிடம் தவணை செல்லை மாற்றிக் கடைசி செல்லைப் பூஜ்யமாக்கச் சொன்னால் 8,884.88 என்று கொடுக்கும். சமன்பாட்டைத் தீர்ப்பது என்றால் எதைத் தேடுவது என்று அப்போதுதான் பிடிபடுகிறது. இதற்குப் பிறகு ஒரே எண்ணால் பெருகிக்கொண்டே போகும் பெருக்குத் தொடர் வழியாகத் தவணை சூத்திரத்தை வருவித்துப் பாருங்கள், பழகிய ஆளைப் பார்ப்பது போல இருக்கும்.

அதே ஷீட்டை வைத்து இன்னொன்றும் செய்யலாம். சில இடங்களில் வருஷத்துக்கு 12 சதவீதம்தான், ஃப்ளாட் ரேட் என்பார்கள். லட்சத்துக்கு வட்டி 12,000, மொத்தம் 1,12,000, அதைப் பன்னிரண்டாக வகுத்தால் மாதம் 9,333. அந்தத் தவணையைப் போட்டுவிட்டு, இந்த முறை வட்டி விகித செல்லைத் தேடச் சொல்லுங்கள். மாதம் கிட்டத்தட்ட 1.79 சதவீதம், வருடத்துக்கு 21.5 பக்கம் வரும். அசலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே முழு லட்சத்துக்கும் வட்டி கட்டினால் வேறு என்ன வரும்! பாடப் புத்தகத்தில் இது ஏன் முதல் அத்தியாயமாக இல்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்ததெல்லாம் தானாக மாறுவதுதான் இதில் விசேஷம். டான் பிரிக்லின் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் படிக்கும்போது, கரும்பலகையில் ஒரு எண் மாறினால் வரிசையாக எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979-இல் விசிகால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளைக் கொண்டுவந்தார்.

எக்செல் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செல்லில் =-2^2 என்று அடித்துப் பாருங்கள், 4 என்று வரும். பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போகும், கணித வழக்கப்படி அது −4.

சரி, புள்ளியியல். பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்கள் 4, 8, 6, 5, 7 என்றால் சராசரி 6. விலக்கத்துக்கு ஒரு பத்தி, வர்க்கத்துக்கு ஒரு பத்தி, கூட்டினால் 10. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 1.41, நான்கால் என்றால் 1.58. எக்செலில் இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன் உண்டு. ஆனால் மொத்தத்திலிருந்து எடுத்த கூறு (சாம்பிள்) என்றால் ஏன் ஒன்றைக் குறைத்து வகுக்க வேண்டும்? பல வகுப்புகளில் "அப்படித்தான்" என்பதோடு முடிந்துவிடும்.

பகடையை உருட்டிப் பார்த்துவிடலாம். 1 முதல் 6 வரை ஏதோ ஒரு எண்ணைத் தரும் ஃபங்ஷனை ஐந்து செல்களில் போட்டு, 1,000 வரிக்கு இழுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மாறுபாட்டை, அதாவது வர்க்கமூலம் எடுப்பதற்கு முந்தைய எண்ணை, இரண்டு விதமாகவும் கணக்கிடுங்கள், ஐந்தால் வகுத்து ஒன்று, நான்கால் வகுத்து ஒன்று. பகடையின் உண்மையான மாறுபாடு 35/12, அதாவது 2.92. ஐந்தால் வகுத்த பத்தியின் சராசரி 2.33 பக்கத்திலேயே சுற்றும், நான்கால் வகுத்தது 2.92 பக்கத்தில் இருக்கும். எஃப்9 விசையைத் தட்டத் தட்ட புதுப் புது பகடைகள் விழும், அந்த இடைவெளி மட்டும் போகாது. காரணம், விலக்கத்தை அளப்பது அந்த ஐந்து எண்களின் சொந்தச் சராசரியிலிருந்து. அந்தச் சராசரி எப்போதும் அவற்றுக்கு நடுவிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் பரவல் உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு நிரூபணத்தைப் படித்தால் எளிதாக ஏறும்.

வரைபடத்தையும் விடாதீர்கள். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுப்புகளை ஷீட்டில் ஏற்றிப் பாருங்கள். நான்கிலும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) 0.82, புள்ளிகளுக்குப் பொருத்தும் நேர்கோடும் ஒன்றேதான். படம் போட்டால் ஒன்று வளைகோடு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும்.

எக்செல் காசு கொடுத்து வாங்க வேண்டாம். லிப்ரேஆபீஸ் கால்க் இலவசம், கோல் சீக் அதிலும் இருக்கிறது, டூல்ஸ் மெனுவில் தேடுங்கள். போனில் முயற்சி செய்யாதீர்கள், ஆயிரம் வரி இழுப்பதற்குள் விரல் வலிக்கும்.